கிராமம் இருக்கட்டும், மாடிப்படி எப்படி?

கேள்வி: என் மகள் பர்மிங்காமில் எம்.எஸ்சி. படிக்கிறாள். வரும் மே மாதம் நானும் கணவரும் மாமியாரும் அவளைப் பார்க்கப் போகிறோம். நடுவில் ஐந்து இரவு ஓர் ஆங்கிலக் கிராமத்தில் நால்வருமாகத் தங்க ஆசை. பைபரி என்ற ஊரின் படத்தைப் பார்த்ததிலிருந்து, அங்கேதான் கூரை வேய்ந்த பழைய வீடு ஒன்றை எடுக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். கணவர் ஓட்டல் போதும் என்கிறார். மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம். கார் ஓட்டும் எண்ணம் இல்லை. எங்கே, எப்படித் தங்கலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகள் பார்த்தது அநேகமாக ஆர்லிங்டன் ரோ படமாக இருக்கும். 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றிய வரிசை அது. இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து. அழகில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கார் இல்லாத நான்கு பேர் ஐந்து இரவு தங்குகிற ஊர் அது இல்லை. ரயில் நிலையம் கிடையாது. பேருந்து சொற்பம். பகலில் கேமராவும் கையுமாகக் கூட்டம் மொய்க்கும். இரவுச் சாப்பாட்டுக்கு ஓரிரண்டு இடம்தான். அங்கே மேசை கிடைக்காவிட்டால் பையில் இருக்கும் பிஸ்கட்தான் கதி. பைபரியைப் போய்ப் பாருங்கள், ஒரு டாக்ஸி பேசிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு முன்பே பாருங்கள். தங்குவதை வேறு ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை வேய்ந்த வீடு பற்றியும் மகளிடம் சொல்லிவிடுங்கள். பைபரி இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் பெரும்பாலான பழைய வீடுகளுக்குச் சுவர் மட்டுமல்ல, கூரையும் கல்தான்; பலகை பலகையாக அடுக்கிய கல் ஓடு. ஆர்லிங்டன் ரோவும் அப்படித்தான். வைக்கோல் கூரைதான் வேண்டுமென்றால் டெவன், டார்செட் பக்கம் போக வேண்டும். அது வேறு பயணம்.

உங்களுக்கு நான் சொல்லும் ஊர், காட்ஸ்வோல்ட்ஸிலேயே இருக்கும் மோர்ட்டன்-இன்-மார்ஷ். அஞ்சலட்டை அழகில் பைபரிக்கு ஒரு படி கீழேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டே கடைத்தெருவுக்கு வந்துவிடலாம். லண்டன் பாடிங்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பர்மிங்காமிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வழியாகவோ வூஸ்டர் வழியாகவோ ரயில் மாறி வரலாம். தரை மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருப்பதால் மாமியார் சிரமமில்லாமல் நடப்பார். சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை, தேநீர்க் கடை, சாப்பாடு போடும் பப்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரம். 801ஆம் எண் பேருந்து இங்கிருந்து ஸ்டோ-ஆன்-தி-வோல்ட், போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர் வழியாகச் செல்டன்ஹாம் போகிறது. விண்ட்ரஷ் ஆறும் அதன் குறுக்கே குட்டைப் பாலங்களும் இருக்கும் போர்ட்டன்தான் மாமியாருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கேயும் ஆற்றங்கரை முழுக்கச் சமதரை, உட்கார பெஞ்சும் உண்டு.

சிப்பிங் கேம்டன் இன்னும் அழகு. 1627இல் கட்டிய சந்தை மண்டபம் கடைத்தெரு நடுவிலேயே நிற்கிறது. ஆனால் அந்த ஊரின் ரயில் நிலையத்தை 1966இலேயே மூடிவிட்டார்கள். ஒரு நாள் போய் வர ஏற்ற ஊர். கிங்ஹம் என்று இன்னொரு பெயர் ரயில் அட்டவணையில் கண்ணில் படும். நிலையத்திலிருந்து அந்தக் கிராமத்துக்குச் சுமார் ஒரு மைல் நடக்க வேண்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, ஓட்டலா வீடா? இதில் நான் மகள் பக்கம், ஆனால் வீட்டை அவள் மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. படத்தில் ரோஜாக் கொடியும் கணப்பும் தெரியும், மாடிப்படி தெரியாது. பழைய காட்டேஜ்களில் படி கணப்புக்குப் பக்கத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கதவைத் திறந்தால் நம் வீட்டுப் பரண் ஏணி மாதிரி செங்குத்தாக, வளைந்து ஏறும். ஒரு பக்கம் படியின் அகலம் பாதம் வைக்கக்கூடப் போதாது. பிடித்துக்கொள்ளக் கயிறு மட்டும் கட்டியிருப்பவர்களும் உண்டு. படுக்கையறைகள் மேலே. குளியலறை பல வீடுகளில் கீழே, அதுவும் அடுக்களையைத் தாண்டி. பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியது. நடுராத்திரியில் முழங்கால் வலிக்காரர் அந்தப் படியில் இறங்குவதை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர்கள் ஏன் இதையெல்லாம் மாற்றவில்லை என்றால், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கும் வீட்டில் அனுமதி வாங்காமல் படியை இடித்துக் கட்டவோ, சன்னலை மாற்றவோ முடியாது.

இன்னொன்று குளியல் தொட்டி. ஷவரைத் தொட்டிக்கு மேலேயே பொருத்தியிருப்பார்கள். குளிக்க வேண்டுமானால் முழங்கால் உயரத்துக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்க வேண்டும். மாமியாருக்கு அது ஆகாது.

அதனால் விளம்பரத்தில் தரைத்தளப் படுக்கையறையும், தடுப்பில்லாமல் நடந்து போகிற ஷவரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய களஞ்சியம், குதிரை லாயம் இவற்றை வீடாக மாற்றியிருக்கிறார்களே, அவற்றில் இது கிடைக்க வாய்ப்பு அதிகம். பல வீடுகள் ஒரே தளம்தான், குளிரும் குறைவு. ஒரு எச்சரிக்கை, களஞ்சிய வீடுகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே பண்ணையில் இருக்கும். கடைத்தெருவுக்கு எத்தனை நிமிட நடை என்று மட்டும் கேட்டால் போதாது, வழி முழுக்க நடைபாதை உண்டா என்றும் கேளுங்கள். கிராமச் சாலைகளில் வேலியும் வண்டியும்தான், நடப்பவருக்கு ஒதுங்க இடமிருக்காது. ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால் அதில் இரண்டு பேருக்கு ஹாலில் சோபாதான் படுக்கை என்பதும் வழக்கம்.

அப்படி ஒரு வீடு அமையவில்லையென்றால் உங்கள் கணவர் சொன்னபடியே செய்யுங்கள். தரைத்தள அறை உள்ள, காலை உணவோடு அறை தரும் பி அண்ட் பி என்ற சின்ன விடுதி ஒன்றில் இரண்டு அறை போதும். மோர்ட்டனில் கடைத்தெருவைப் பார்த்த அறை வேண்டாம். ரோமானியர் போட்ட ஃபாஸ் வே என்ற சாலைதான் அந்தத் தெரு. இன்றைக்கும் நெடுஞ்சாலை, லாரி போகும். பின்பக்க அறையாகக் கேளுங்கள். காலை உணவுக்குச் சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும், வேண்டாமென்றால் அதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வீடுதான் உங்களுக்கு வசதி. பப் திறந்திருக்கும், அடுக்களை திறந்திருக்காது. மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடினால் மாலை ஆறுக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள்; இரவு ஒன்பதோடு சரி. மே மாதத்தில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் நேரம் போவது தெரியாது, அதுதான் ஆபத்து. சைவ உணவு ஒன்றிரண்டு எல்லா இடத்திலும் உண்டு. யார்க்‌ஷயர் புட்டிங்கை (இனிப்பு இல்லை, மாவுப் பண்டம்) மட்டும் விசாரிக்காமல் தொடாதீர்கள், மாட்டுக்கொழுப்பில் செய்வது பழைய வழக்கம். சில கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலும் அப்படித்தான்.

வீட்டில் சமைப்பதானால் அடுப்பு எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் திருச்சியிலிருந்து தூக்கிப்போகும் அலுமினிய குக்கர் வெறும் பாரம். நெய், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள். பால் பொருள்களை இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. அப்புறம், கடுகு தாளிக்குமுன் சன்னலைத் திறந்துவிடுங்கள். அந்தத் தாழ்ந்த கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுவார்.

நாட்களை ஒரு சின்ன மாற்றம் செய்தால் செலவு குறையும். வாடகை வீடுகளைப் பெரும்பாலும் வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவு, திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவு, இல்லாவிட்டால் முழு வாரம் என்றுதான் விடுவார்கள். ஐந்து இரவு அதில் பொருந்தாது. வாரநடுவின் நான்கு இரவை, வாரக்கடைசியின் மூன்று இரவு விலைக்கே தருபவர்கள் நிறைய. நீங்கள் திங்கள் போய் வெள்ளி புறப்படுங்கள். செவ்வாய் மோர்ட்டனில் சந்தை நாள். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துச் சிக்கலும் இல்லை. மிச்சம் ஒரு இரவை அதே ரயில் பாதையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் கழிக்கலாம். மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும் அங்கே பொது விடுமுறை, கடைசி வாரம் பள்ளி விடுமுறையும் சேரும். இரண்டுக்கும் நடுவில் வருகிற வாரங்களில் ஒன்றைப் பிடியுங்கள்.

கார் வேண்டாம் என்ற முடிவு சரி. இந்திய உரிமத்தில் அங்கே 12 மாதம் வரை ஓட்டலாம், இடப்பக்கம்தான். ஆனாலும் எதிரில் டிராக்டர் வந்தால் அரை பர்லாங் பின்னால் எடுக்க வேண்டிய சந்துகளில் உங்கள் கணவருக்கு விடுமுறையே போய்விடும். டாக்ஸியை மட்டும் முதல் நாளே சொல்லி வையுங்கள், தெருவில் நின்று கைகாட்டினால் கிடைக்காது.

விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரருக்கு இன்றைக்கே எழுதலாம்: படியின் படம் ஒன்று, குளியலறையின் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.