பெட்டிக்காரருக்கு ஒரு வருடக் காசை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: நான் கொடிகாமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரன் சென்னை அணியின் ரசிகன், நான் எங்கள் யாழ்ப்பாண அணியின் ரசிகன். இரண்டு பேரும் ஒரு மட்ச் விடமாட்டோம். ஆனால் வருடத்துக்கு வருடம் கிரிக்கெற் வேறு வேறு அலைவரிசைக்குப் போய்விடுகிறது. சந்தியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், 28,000 ரூபா கட்டினால் ரிவியில் பூட்டும் ஒரு பெட்டி தருவதாகவும், ஐபிஎல், எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்), உலகக் கிண்ணம் எல்லாம் ஒரு வருடத்துக்குத் தமிழ் வர்ணனையோடு வரும் என்றும் சொல்கிறார். 5,000 ரூபா முற்பணம் கொடுத்துவிட்டேன். மிச்சத்தைக் கட்டலாமா? கனடாவிலிருந்து வந்து நின்ற மகனின் போனில் ஐபிஎல் நன்றாக வந்தது. அதை நாங்களும் செய்ய முடியாதா? வீட்டில் இருக்கும் டயலொக் டிஷ்ஷில் கொஞ்ச நாளாகக் காற்றடித்தால் படம் உடைகிறது. அதனால்தான் பெட்டி பக்கம் மனம் போனது.

பதில்: ஐயா, மிச்சத்தைக் கட்ட வேண்டாம். 5,000 ரூபாவையும் இந்தக் கிழமைக்குள் திருப்பிக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் தென்மராட்சிக்காரர், தென்னை தெரிந்தவர். கோயில் காணியில் நிற்கும் தென்னைகளை வருடக் குத்தகைக்கு ஏலம் விடுவார்கள். மரம் கோயிலுடையதுதான், ஆனால் அந்த வருடத்துத் தேங்காய் ஏலத்தில் எடுத்தவருக்கு. அடுத்த வருடம் வேறு ஆள் எடுக்கலாம். கிரிக்கெற் ஒளிபரப்பும் இப்படித்தான் நடக்கிறது. மட்ச் கிரிக்கெற் சபையுடையது. அதைக் காட்டும் உரிமையை நாடு நாடாகப் பிரித்து, ரிவிக்கு வேறாகவும் இணையத்துக்கு வேறாகவும் விற்கிறார்கள். உங்கள் கடைக்காரத் தம்பி எந்த ஏலத்திலும் நிற்கவில்லை. யாரோ குத்தகைக்கு எடுத்த மரத்தின் காய்க்கு உங்களிடம் ஒரு வருடக் காசு கேட்கிறார்.

ஐபிஎல்லையே பாருங்கள். 2008 முதல் 2017 வரை இந்தியாவில் சோனியிடம் இருந்தது. 2018இல் ஸ்டாருக்குப் போனது. 2022இல் நடந்த ஏலத்தில் 2023 முதல் 2027 வரையான ஐந்து வருடங்கள் 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயின. அந்த ஏலத்தில் இந்தியாவுக்கான ரிவி உரிமையை ஒரு நிறுவனமும் இணைய உரிமையை இன்னொரு நிறுவனமும் எடுத்தன. 2023இல் இணைய உரிமை எடுத்தவர்களின் ஜியோசினிமா எல்லா மட்சையும் இந்தியாவுக்குள் இலவசமாகக் காட்டியது. 2024 நவம்பரில் இரண்டு பக்கமும் ஒரே குடையின் கீழ் வந்து, 2025 பெப்ரவரியில் ஜியோஹொட்ஸ்டார் ஆனது. அந்த இலவசமும் பழையபடி நீடிக்கவில்லை. இவ்வளவும் இந்தியாவுக்குள் நடந்தது. இலங்கைக்கான உரிமை தனிக் கணக்கு. ஒரு வருடம் ஒரு அலைவரிசை வாங்கும், மறுவருடம் இன்னொன்று வாங்கும். கடலுக்கு அங்கால் இராமேஸ்வரத்தில் பார்க்கிற அதே மட்சை, அதே ஏழரை மணிக்கு, அதே தமிழில் நாங்கள் பார்க்க முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். கடல் எல்லையைப் பார்த்துப் பிரித்தவர்கள் இக்கரையிலும் தமிழ் கேட்கும் காது இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. எனக்கு இதில் பெரிய கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு பெட்டிக்காரரிடம் ஓடினால் நட்டப்படுவது நாங்கள்தான்.

பெட்டியில் இரண்டு வகை உண்டு. எது வாங்குகிறோம் என்று பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்று, இந்தியாவிலிருந்து வரும் டிஷ் பெட்டி. அதற்குள் இருக்கும் அட்டை தமிழ்நாட்டில் யாரோ ஒருவருடைய பெயரில், யாரோ ஒருவருடைய விலாசத்தில் பதியப்பட்டிருக்கும். நீங்கள் இங்கே கொடுக்கும் காசை முகவர் அங்கே உள்ள இன்னொருவருக்கு அனுப்பி ரீசார்ஜ் செய்விப்பார். அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை கொடிகாமத்தில் ஒரு வாடிக்கையாளர் இல்லவே இல்லை. ஒரு நாள் அடையாள அட்டையைத் திரும்பக் காட்டச் சொன்னாலோ, பழைய பெட்டிகளை மாற்றச் சொன்னாலோ, அன்றோடு உங்கள் திரை கறுப்பு. யாரிடம் முறையிடுவீர்கள்?

மற்றது இணையத்தில் ஓடும் பெட்டி. பத்தாயிரம் அலைவரிசை, லைஃப்டைம் என்றெல்லாம் சொல்லித் தருவது. உங்கள் தம்பி தருவது இதுவாகத்தான் இருக்க வேண்டும். எங்கேயோ ஒருவர் ஸ்டார் ஸ்போர்ட்ஸைத் திருடித் தன்னுடைய சேர்வருக்கு ஏற்றி, அங்கிருந்து விற்கிறார். தில்லி உயர் நீதிமன்றம் இப்படியான தளங்களை முடக்கும்படி திரும்பத் திரும்பக் கட்டளை போட்டிருக்கிறது. முடக்குவது பெரும்பாலும் மட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான், அப்போதுதானே திருட்டு கண்ணுக்குத் தெரியும். சாதாரண நாட்களில் நாடகம் ஓடும், பழைய படம் ஓடும், பெட்டி நல்ல பெட்டி என்று நினைப்பீர்கள். இறுதிப் போட்டி அன்று நின்றுவிடும். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பற்றுச்சீட்டு இல்லாத வியாபாரத்தில் பொலிசுக்குப் போனாலும் உங்கள் கையில் ஒன்றும் இராது.

2024 மே 8ஆம் திகதி இரவை நான் மறக்கமாட்டேன். யாழ் மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல்லில் முதன்முதலாகப் பந்து வீசிய நாள். எங்கள் ஊர்ப் பெடியன் அந்த மேடையில் நிற்பதைப் பார்க்க எத்தனை வீடுகள் காத்திருந்தன! எனக்கு இருபது வருடமாக டிஷ் பூட்டுவதும் கேபிள் இழுப்பதும்தான் தொழில். அன்று பின்னேரம் முதல் போன் ஓயவில்லை. "அண்ணை, பெட்டி சுத்திக்கொண்டே நிக்குது, ஏதாவது செய்யுங்கோ." நான் விற்ற பெட்டிகள் இல்லை. நான் செய்வதற்கும் ஒன்றுமில்லை. விற்றவர்கள் போனை நிற்பாட்டி வைத்திருந்தார்கள். அவன் நான்கு ஓவர் போட்டு முடித்தான், பிறகு ஹைதராபாத் 166 ஓட்ட இலக்கை 9.4 ஓவரில் அடித்து முடித்தது. அதற்குள் ஒரு வீட்டிலும் பெட்டி திரும்பி உயிர் பெறவில்லை. ஒரு தகப்பன் அழாத குறையாகக் கதைத்தார். அந்த வீட்டிலும் வருடக் காசு முழுவதும் கட்டியிருந்தது.

எல்பிஎல் வரும் என்று தம்பி சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அணி 2020இல் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் வென்றது. உரிமையாளர் மாறி, பெயரும் கிங்ஸ் என்று மாறி, 2021, 2022, 2024 ஆகிய வருடங்களிலும் கிண்ணம் எடுத்தது. நான்கு கிண்ணம், ஆனால் அந்த நான்கில் ஒரு மட்ச்கூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை என்றே போனது. மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் வைத்ததே 2025 செப்டெம்பரில்தான். அதற்கு முன்பே, 2025 ஏப்ரலில், ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி யாழ்ப்பாண, கொழும்பு அணிகளின் உரிமையாளர்களுடனான ஒப்பந்தத்தை இலங்கை கிரிக்கெற் நிறுத்தியது. அந்த வருட இறுதியில் நடக்கவிருந்த தொடரும் தள்ளிப்போனது. அணி ஊரின் பெயரில் இருந்தாலும் அது ஒப்பந்தத்தில் நிற்கும் சொத்து. ஒப்பந்தம் போனால் உரிமையாளர் போவார், பெயரும் நிறமும் மாறலாம், தொடரும் தள்ளலாம். எங்கள் பாசத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. சபையே திகதி சொல்லித் தள்ளிவைக்கும் ஒரு தொடரை, ஒரு வருடத்துக்கு வரும் என்று சந்திக் கடையில் இருந்துகொண்டு எப்படி உறுதி சொல்ல முடியும்?

இனி மகனின் போன். இதை ஆறுதலாக விளக்குகிறேன், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து போகும் வீடுகளில் எல்லாம் இந்தக் குழப்பம் இருக்கிறது. மகன் கனடாவில் காசு கட்டி வில்லோ போன்ற ஒரு சேவை வைத்திருப்பார், கனடாவில் ஐபிஎல் அதில்தான் வருகிறது. உங்களுக்கு இலவசமாகத் தெரிந்தது அவர் ஏற்கெனவே கட்டிய காசு. சரி, கொடிகாமத்தில் எப்படி வேலை செய்தது? அவர் கனடா சிம்மை ரோமிங்கில், அதாவது வெளிநாட்டிலும் அதே சிம் வேலை செய்யும் வசதியில், போட்டிருந்திருப்பார். ரோமிங்கில் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். போன் உங்கள் விறாந்தையில் இருந்தாலும், அந்தச் சேவைக்கு அது கனடாவில் இருக்கும் போன் மாதிரியே தெரியும். அதே போனை உங்கள் வீட்டு வைஃபையில் இணைத்திருந்தால், இந்தச் சேவை உங்கள் நாட்டில் இல்லை என்று அறிவிப்பு வந்திருக்கும். அவர் சிம்மைக் கழற்றி இங்கத்தைய சிம் போட்டாலும் அதேதான். அவர் போன பிறகு கடவுச்சொல்லை உங்களிடம் தந்துவிட்டுப் போனாலும் அதேதான். அதனால் "மகனின் கணக்கைப் பெட்டியில் போட்டுத் தருகிறேன், 3,000 தாருங்கள்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். ரோமிங்கில் தொடர்ந்து பார்த்தால் மகனுக்குக் கனடாவில் வரும் பில்லையும் யோசியுங்கள். நல்ல தரத்தில் படம் ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு மூன்று ஜீபி போகும், மட்ச் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம். அவர் ஊரில் நிற்கும் நாட்களில், அவருடைய போனில், அவருடைய சிம்மில் ஒரு மட்ச் பார்த்தீர்கள் என்றால் அது வேறு கதை. அந்த ஒரு வழிதான் உண்மையில் வேலை செய்யும், அதுவும் அவரோடு விமானம் ஏறிவிடும்.

அப்படியென்றால் என்ன செய்வது? தொடர் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது, இந்த முறை இலங்கை உரிமை யாரிடம் என்று பாருங்கள். இலவச அலைவரிசை ஒன்று வாங்கியிருந்தால் சாதாரண அன்டெனாவிலேயே வேலை முடிந்துவிடலாம். இல்லையென்றால் டயலொக் ரிவி, பியோ ரிவி போன்ற உரிமம் பெற்ற சேவையின் விளையாட்டுப் பொதியை அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் எடுங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள். எடுக்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தொடர் இந்த அலைவரிசையில் இலங்கைக்குக் காட்டப்படுமா? தமிழ் வர்ணனை இந்தப் பொதியில் இருக்கிறதா?" அலைவரிசை இருந்தும் மட்ச் நேரத்தில் மட்டும் மறைப்பது உண்டு. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்காது. தமிழுக்கென்று ஒரு இலக்கத்தை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் வருபவர் திரும்ப வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார். இவ்வளவு காசு வாங்கும் சேவையில், வடக்கில் உள்ள வாடிக்கையாளருக்கு ஒரு நேரான பதிலைத் தமிழில் சொல்ல ஆள் வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனாலும் விடாமல் கேளுங்கள், பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

முற்பணத்துக்குக் கடைக்காரத் தம்பியிடம் தன்மையாகவே கதையுங்கள். அவரும் மேலே இருப்பவரிடம் காசு கட்டி ஏமாந்தவராக இருக்கக்கூடும். தரமாட்டேன் என்றால், காசு வாங்கியதாக ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதையும் எழுத மறுத்தால் பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப் போவதாகச் சொல்லுங்கள், அழையுங்கள். பெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டால் சீலை உடைக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக அந்தப் படம் உடைகிற விஷயம். உங்கள் டயலொக் டிஷ் மேற்கு வானத்தைப் பார்த்துச் சரிந்து நிற்கும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையில் அண்ணாந்து பாருங்கள். பூட்டும்போது இல்லாத ஒரு தென்னோலையோ மாங்கொப்போ இப்போது குறுக்கே வந்திருக்கும். காற்றில் அது ஆடும்போதுதான் படம் உடைகிறது. மழை நேரத்தில் மட்டும் உடைந்தால் அது வேறு, மழை விட்டதும் சரியாகிவிடும். காற்றுக்கு உடைந்தால் அந்த ஓலையை வெட்டுங்கள், டிஷ் பூட்டிய நட்டுகளையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். அரை மணித்தியால வேலை, 28,000 ரூபா செலவழிக்க வேண்டியதில்லை.