எரிமலை வேதியியலுக்கு ஊரில் எரிமலை வேண்டுமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். எரிமலை, புவிவெப்பம் பற்றி ஆராயும் புவிவேதியியலுக்குப் போக ஆசை. நிலவியல் படித்ததில்லை. நம் பக்கம் எரிமலையே கிடையாது, வேலை எங்கே கிடைக்கும்? உயிருக்கு ஆபத்தான வேலை என்று அம்மா பயப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பட்டம் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். புவிவெப்ப மின்சாரம் பிறந்ததே ஒரு வேதிப்பொருள் ஆலையில்தான். இத்தாலியின் லார்டரெல்லோவில் நிலத்திலிருந்து வரும் சுடுநீரையும் ஆவியையும் வைத்து 19ஆம் நூற்றாண்டிலேயே போரிக் அமிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆலையை நடத்திய பியெரோ ஜினோரி கோன்டி 1904இல் அதே ஆவியால் ஐந்து பல்புகளை எரியவைத்தார், 1913இல் அங்கே மின்நிலையமே வந்துவிட்டது. அங்கேயும் கண்ணுக்குத் தெரிகிற எரிமலை கிடையாது, ஆழத்தில் இன்னும் முழுசாக ஆறாத பாறை இருக்கிறது, அந்தச் சூடு போதும். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கும் அப்படித்தான். சுமார் 4,400 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் 84, 85 டிகிரியிலேயே ஊற்றுநீர் கொதிக்கிறது, பக்கத்தில் வெண்காரம் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இந்தியாவில் உயிரோடு இருக்கிற எரிமலை வேண்டும் என்றால் அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான்.

சரி, வேலை எப்படி இருக்கும்? நான் இருபது வருஷத்துக்கு மேலாக நியூசிலாந்தின் தௌப்போ வட்டாரத்தில் இதைத்தான் செய்கிறேன். 1958இல் மின்சாரம் தரத் தொடங்கிய வைராக்கெய் நிலையம் இருக்கிற வட்டாரம் இது. எரிமலை விளிம்பில் நிற்கும் நாள் வருஷத்துக்குச் சில, மற்ற நாளெல்லாம் புட்டியும் ஆய்வுக்கூடமும்தான். அந்தப் புட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் துறையைப் பற்றிச் சொல்ல முடியாது. கிகன்பாக் புட்டி என்போம். வெர்னர் கிகன்பாக் ஜெர்மனியில் பிறந்து நியூசிலாந்தில் வேலை பார்த்த வேதியியலாளர், 1997இல் பப்புவா நியூகினியின் ரபௌல் எரிமலைப் பகுதிக்குப் போன இடத்தில் இறந்தார். கண்ணாடிப் புட்டிக்குள் கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எடை போட்டுக் கொண்டுபோகிறோம். ஆவி பீறிடும் துளையில் டைட்டானியம் குழாயைச் செருகி, வெளிக்காற்று நுழையாதபடி சுற்றிலும் சேற்றை அப்பி, குழாயையும் புட்டியையும் இணைத்து வால்வைத் திறந்தால் ஆவி உள்ளே பாய்ந்து தண்ணீராகிறது. கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் காஸ்டிக்கில் கரைந்துவிடும். கரையாத ஹைட்ரஜன், மீத்தேன், ஹீலியம், ஆர்கான், நைட்ரஜன் எல்லாம் மேலே தங்கும். கை சுடச்சுடப் புட்டியைக் குலுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். காற்று கொஞ்சம் கலந்தாலும் அன்றைய நடை வீண்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, தண்ணீரிடம் சூட்டைக் கேட்பது. ஆழத்தில் சுடுநீர் குவார்ட்ஸ் பாறையோடு நெடுநாள் கிடக்கும்போது, சூட்டுக்குத் தக்கபடி சிலிக்கா கரைகிறது. மேலே வரும் வேகத்தில் நீர் ஆறினாலும் அந்தச் சிலிக்கா உடனே பிரிந்துவிடாது. ஊற்றுநீரில் ஒரு கிலோவுக்கு 300 மில்லிகிராம் சிலிக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து சூட்டைக் கண்டுபிடிக்க ஒரு வாய்பாடு உண்டு: 5.19இலிருந்து 300இன் மடக்கையை (2.477) கழித்தால் 2.713. 1309ஐ அதால் வகுத்து 273ஐக் கழித்தால் சுமார் 209 டிகிரி. துளை போடாமலே கீழே இருக்கிற சூடு தெரிந்துவிட்டது! மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் கலந்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும், அதனால் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் விகிதங்களையும் சேர்த்துத்தான் பார்ப்போம்.

ஆரம்ப வருஷங்களில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. ஊற்றோரத்திலேயே மாதிரியை ஒன்றுக்குப் பத்து என்று சுத்த நீரில் நீர்க்கச் செய்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டேன். புட்டி ஆறியதும் சிலிக்கா ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது, கோத்துக்கொண்ட சிலிக்கா, நிறத்தை வைத்துச் சிலிக்காவை அளக்கிற மாலிப்டேட் சோதனையில் நிறம் தராது. 300 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தது, கணக்கு 180 டிகிரி என்றது. கிட்டத்தட்ட 30 டிகிரி குறைவு. எங்கே துளை போடுவது என்று அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நல்லவேளையாக மேலதிகாரி சந்தேகப்பட்டு மறுபடி அனுப்பினார். இப்போது நீர்க்கச் செய்த புட்டியில் தேதி போடாமல் அடுத்த வேலைக்கு நகர மாட்டேன்.

அம்மாவின் பயம் நியாயமானது, அதை மழுப்ப மாட்டேன். 1993 ஜனவரியில் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை வாயருகே ஆறு விஞ்ஞானிகளும் மூன்று சுற்றுலாப் பயணிகளும் இறந்தார்கள், வாயு மாதிரி எடுக்கப் போனவர்களும் அவர்களில் உண்டு. 2019 டிசம்பரில் நியூசிலாந்தின் வாக்காரி தீவில் நடந்த வெடிப்பு 22 பேரைக் கொண்டுபோனது. இப்போதெல்லாம் நிறைய அளவுகளை தூரத்தில் நின்றும் டிரோன் அனுப்பியும் எடுக்கிறார்கள். அன்றாட ஆபத்து வெடிப்பைவிட ஹைட்ரஜன் சல்ஃபைடுதான். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும்வரை உங்களுக்கு எச்சரிக்கை இருக்கிறது, அளவு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) பக்கம் போனால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதியாக நிற்கிற இடம்தான் ஆளைக் கொல்லும். சட்டைக் காலரில் வாயு அளவி இல்லாமல் இறங்காதீர்கள், தனியாக ஒருபோதும் போகாதீர்கள், அளவி அலறினால் புட்டியைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். இதை அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

வேலைக்கு வருவோம். யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு வேதியியலாளர் பிரிவு தனியாகவே உண்டு, எம்.எஸ்சி. வேதியியல் போதும். வெந்நீரூற்றுகளையும் பாரன் தீவையும் ஆராய்ந்த துறை அது. ஆனால் புவிவெப்ப மின்சாரம் இந்தியாவில் இன்னும் சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை, மின்நிலையத்தில் வேலை என்றால் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கென்யா, துருக்கி, ஐஸ்லாந்து, நியூசிலாந்து என்று வெளியேதான் பார்க்க வேண்டும். அங்கே வேதியியலாளர் இல்லாமல் ஒரு மாதம் ஓடாது. சிலிக்காவும் கால்சைட்டும் (கால்சியம் கார்பனேட் படிவு) குழாயை அடைத்துவிடும், பயன்படுத்தியபின் நிலத்துக்குள் திருப்பி இறக்குகிற நீர் எங்கே போகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டியில் 2012இல் கார்பன் டை ஆக்சைடை நீரில் கரைத்துப் பாறைக்குள் செலுத்தியதில், அதன் பெரும்பகுதி இரண்டு வருஷத்துக்குள் கல்லாகிவிட்டது, அதுவும் நம் புவிவேதியியல் ஆட்களின் வேலைதான். படிப்புக்கு ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் புவிவெப்ப நிறுவனத்தைப் பாருங்கள். ஐஸ்லாந்தில் 1979 முதல் நடக்கும் ஆறு மாதப் பயிற்சி வளரும் நாடுகளில் ஏற்கெனவே இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு, அது அப்புறம்.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுக் கிணற்று நீரையோ போர்வெல் நீரையோ எடுங்கள். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து இரண்டு புட்டிகளில் நிரப்புங்கள், நேர் அயனிகளுக்கான புட்டியில் மட்டும் சில துளி நைட்ரிக் அமிலம் விடுங்கள். பிஎச், வெப்பநிலை, கார அளவு மூன்றையும் கிணற்றடியிலேயே பாருங்கள். கல்லூரி ஆய்வகத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சல்ஃபேட் அளந்து, மில்லி ஈக்விவலன்டில் (அயனியின் மின்னூட்டத்தையும் கணக்கில் எடுக்கும் அலகு) நேர் அயனிகளையும், கார அளவையும் சேர்த்து எதிர் அயனிகளையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்கு மேல் போனால் எங்கோ தப்பு, மறுபடி எடுங்கள். முனைவர் பட்டத்துக்குப் பேராசிரியருக்கு எழுதும்போது இந்த அட்டவணையை இணைத்து அனுப்புங்கள், சரியாக வராத முதல் இரண்டு முயற்சிகளையும் சேர்த்தே.