எந்தத் தோட்டத்துத் துரை?

அன்புள்ள ஐயா,

நான் தாதிமைப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு சுங்கை சிப்புட்டில். என் பாட்டி தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு லயங்களை இடித்த பிறகு எங்களோடு டவுனுக்கு வந்தவர். சென்ற ஆண்டு அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. நடையும் குறுகிவிட்டது. மருத்துவமனையில் பார்க்கின்சன் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி என்னிடம், "பார்க்கின்சனா? அவர் எந்தத் தோட்டத்துத் துரை?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பாடநூலைத் திறந்தாலே அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது. ஃபெலோப்பியன் குழாய், யூஸ்டேஷியன் குழாய், வில்லிஸ் வளையம்; நோய்கள் என்றால் அடிசன், ஹாட்ஜ்கின், கிரேவ்ஸ். நம் உடம்பு முழுவதும் துரைமார்கள் பெயர்ப்பலகை நட்டு வைத்திருப்பதுபோல் இருக்கிறது. இந்தப் பெயர்கள் மெல்ல மெல்ல விலகி வருவதாக எங்கள் விரிவுரையாளர் சொல்கிறார். மொத்தமாக விட்டுவிடுவதுதானே நியாயம்? பாட்டிக்கு நான் என்ன சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

*

அன்புள்ள மகளுக்கு,

உன் பாட்டிக்கு என் அம்மாவின் வயது இருக்கும். அந்த உரிமையில் மகள் என்று அழைக்கிறேன். 

பாட்டி கேட்டது மிகச் சரியான கேள்வி. நானும் தோட்டத்தில் பிறந்தவன். விடியுமுன், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு வெள்ளைக்காரப் பெயர் என்றால் அது துரையின் பெயர்தான். பலகையில் எவர் பெயரோ அவருக்கே மண்ணும் மரமும், அந்த மரத்தில் பால் வெட்டுகிறவரின் காலைப்பொழுதும் சொந்தம். தன் கை நடுக்கத்துக்கு ஒரு வெள்ளைக்காரரின் பெயரைச் சொன்னதும், எந்தத் தோட்டம் என்று அவர் கேட்டதில் ஒரு வாழ்நாளின் அனுபவம் இருக்கிறது.

அவரிடம் முதலில் இதைச் சொல். ஜேம்ஸ் பார்க்கின்சன் எந்தத் தோட்டத்துக்கும் துரை இல்லை. லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற பகுதியில் 1755-இல் பிறந்து, அங்கேயே வைத்தியம் பார்த்து, 1824-இல் இறந்தவர். நம் தோட்டத்து டிரஸரைப் போல மருந்தும் கலப்பார், புண்ணுக்குக் கட்டும் போடுவார். ஏழைகளுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794-இல் மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாகச் சிலரைப் பிடித்தபோது, மன்னரின் ஆலோசனை மன்றத்தின் முன் நின்று, அந்தப் பிரசுரங்களை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். 

1817-இல், அறுபதைத் தாண்டிய வயதில், நடுக்கு நோயைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் வருவது ஆறே பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில்தான் சந்தித்தார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று பார். சும்மா இருக்கும்போது கை நடுங்குகிறது, உடல் முன்னால் சாய்கிறது, நடக்கத் தொடங்கினால் கால்கள் தாமாக ஓட்டம் பிடிக்கின்றன. ஸ்கேன் இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. தெருவில் போகிறவரை நின்று பார்க்கும் பொறுமை மட்டும் இருந்தது. இன்றும் மருத்துவர் உன் பாட்டியை நடக்கச் சொல்லிப் பார்த்திருப்பார். அது பார்க்கின்சன் பார்த்த அதே பார்வை.

இந்த நோய்க்கு அவர் தன் பெயரை வைத்துக்கொள்ளவும் இல்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் வைத்தது அது. பழைய பெயர் 'நடுங்கும் வாதம்'. ஆனால் நோயாளிகள் எல்லாரும் நடுங்குவதில்லை, அவர்களுக்குக் கை கால் விழுந்துவிடுவதும் இல்லை என்று ஷார்கோ கண்டார். விளக்கமாக அமைந்த பெயர் தவறாக விளக்கியது. அதனால்தான் முதலில் பார்த்தவரின் பெயர் வந்தது. விளக்கப் பெயர்கள் எல்லாமே சரி, ஆள் பெயர்கள் எல்லாமே பிழை என்று முடிவு கட்டுமுன் இதை நினைத்துக்கொள்.

உறுப்புகளின் விஷயம் வேறு. அங்கே நான் உன் பக்கம். கப்ரியேலே ஃபலோப்பியோ பதுவா நகரில் உடற்கூறு கற்பித்தவர், 1562-இல் நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தவர். கருப்பையின் இருபுறமும் எக்காளம்போல் விரிந்து நிற்கும் குழாய்களை 1561-இல் வெளிவந்த தன் நூலில் துல்லியமாக விவரித்தார். ஆனால் அந்தக் குழாய் எதற்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பாலூட்டிகளின் சினைமுட்டையைக் கார்ல் வான் பேயர் கண்டறிந்ததே 1827-இல்தான். நாம் கருக்குழாய் என்கிறோம். ஃபலோப்பியோ அறியாத ஒன்று அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் ஒரு பெண்ணிடம் பேசும்போது எந்தச் சொல் அவளுக்கு உதவும் என்பது உனக்கே தெரியும். உடற்கூறு அறிஞர்களும் 1895-இல் பாசல் நகரில் கூடி ஒப்புக்கொண்ட பெயர்ப்பட்டியலில் ஆள் பெயர்களைக் கூடியமட்டும் ஒதுக்கிவைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடநூல்கள்தான் விடமாட்டேன் என்கின்றன.

ஒருவரை மட்டும் விட எனக்கு மனம் வரவில்லை. பார்த்தொலோமேயோ யூஸ்டாக்கியோ 1552-இல் செப்புத் தகடுகளில் உடற்கூறுப் படங்களைச் செதுக்க வைத்தார். அவற்றில் பெரும்பாலானவை அச்சேறுமுன் 1574-இல் இறந்துவிட்டார். தகடுகள் எங்கோ கிடந்து, 1714-இல்தான் முழுமையாக வெளிவந்தன. நூற்றறுபது ஆண்டுகள்! கேமரன் மலைக்குப் பஸ்ஸில் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் பட்டென்று திறக்கிறதல்லவா, அது அவர் குழாய். தேர்வில் அதன் புதிய பெயரையே எழுது. மலை ஏறும்போது அவரையும் நினைத்துக்கொள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பலகையில் இருக்கும் பெயர் உன்னை உறுத்துகிறது. பலகையில் இல்லாத பெயர்தான் என்னை உறுத்துகிறது.

மெலியோய்டோசிஸ் பற்றிப் படித்திருப்பாய். ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி. காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக ஏறும். மூச்சு வழியாகவும் போகும். மழைக்காலத்தில் கூடும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களை அதிகம் தாக்கும். நம் மக்களிடம் இனிப்புநீர் எவ்வளவு என்பதை உன் வார்டே உனக்குச் சொல்லும். காசநோய்போலத் தோன்றி ஏமாற்றும். பிந்தினால் உயிரைப் பறிக்கும். பழைய நூல்களில் இதற்கு விட்மோர் நோய் என்று பெயர். ஆல்ஃப்ரெட் விட்மோர் ரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்கூறு மருத்துவராக இருந்தவர். 1911-இல் அங்கே பிணப் பரிசோதனைகளில் விசித்திரமான நுரையீரல்களைக் கண்டார். மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி, வீடு வாசல் இல்லாமல் மெலிந்து செத்தவர்களின் உடல்கள் அவை. குதிரைகளுக்கு வரும் ஒரு நோயின் கிருமியைப் போலவே இருந்த அந்தக் கிருமி வேறு ஒன்று என்று நிறுவப்பட்டது. 1912-இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் கட்டுரை வந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பின்கீழ் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று விட்மோர். மற்றொன்று சி. எஸ். கிருஷ்ணசாமி.

விட்மோர் அவரை மறைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள். பிறகு வந்தவர்கள் நோய்க்குப் பெயர் சொன்னபோது ஒரு பெயர் மட்டும் நாக்கில் தங்கியது. கிருஷ்ணசாமி உதிர்ந்துவிட்டார். கப்பல் ஏறி வந்த நம்மவர்கள் நிறைந்திருந்த அந்த ரங்கூனில், நம் வீட்டில் ஒருவருக்கு இருக்கக்கூடிய பெயரோடு ஒரு மனிதர் அந்தப் பிண அறையில் நின்று, யாரும் தேடி வராத உடல்களைத் திறந்து பார்த்திருக்கிறார். நான் இதை முதன்முதலாகப் படித்த இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

மெலியோய்டோசிஸ் என்ற பெயர் பிறந்ததோ நம் கோலாலம்பூரில். அங்கிருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் 1913-இல் ஆய்வு விலங்குகள் செத்து விழுந்தன; அதைத் தொடர்ந்துபோன ஸ்டான்டனும் ஃபிளெச்சரும் 1921-இல் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். அதோடு விட்மோர் பெயரும் மெல்லப் பின்னால் போனது. நீ கேட்கிற நியாயம் இங்கே நடந்துவிட்டது, ஆள் பெயர் போய் விளக்கப் பெயர் வந்துவிட்டது. ஆனால் கிருஷ்ணசாமிக்கு அதனால் என்ன கிடைத்தது? விட்மோர் நோய் என்று இருந்தவரை, அந்தப் பெயரைத் தேடிப்போகும் ஒருவர் மூலக் கட்டுரைக்குப் போய்ச் சேர்ந்து அங்கே கிருஷ்ணசாமியையும் கண்டிருப்பார். நான் அப்படித்தான் கண்டேன். பலகையை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும் என்ற பயம் எனக்கு உண்டு.

எல்லாப் பலகையும் நிற்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நாஜி அரசின் சுகாதார அலுவலகத்துக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ரைட்டரின் பெயரை, அது ஒட்டியிருந்த ஒரு மூட்டுவாத நோயிலிருந்து மருத்துவ உலகம் நீக்கிவருகிறது. நீக்கட்டும்.

ஹான்சன் நோய் என்ற பெயர் என்னை இன்னும் அலைக்கழிக்கிறது. நோர்வேயின் பெர்கன் நகரில் 1873-இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டவர் ஹான்சன். அதே மனிதர் 1879-இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவள் சம்மதம் இல்லாமல், நோய்ப்பொருளை ஏற்றினார். நீதிமன்றம் 1880-இல் மருத்துவமனைப் பதவியிலிருந்து அவரை நீக்கியது. அப்படிப்பட்டவரின் பெயர் வேண்டுமா என்று நீ கேட்கலாம். ஆனால் எங்கள் லயத்தில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்காரரைச் சுங்கை பூலோ தொழுநோயாளர் குடியிருப்புக்கு அழைத்துப் போன பிறகும், மிச்சமிருந்த குடும்பத்தை 'பெருநோய்க்காரர் வீடு' என்றே நாங்கள் அழைத்தோம். நானும் அழைத்தேன். அந்தப் பிள்ளைகளோடு யாரும் விளையாடவில்லை. 'ஹான்சன் நோய்' என்ற, யாருக்கும் புரியாத, எந்தப் பயத்தையும் சுமக்காத ஒரு பெயர் அன்று எங்கள் வாயில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மறைப்பாவது கிடைத்திருக்கும்.

பாட்டிக்கு வருவோம். அவரிடம் பேசும்போது நடுக்குவாதம் என்றே சொல். அது நம் சொல். ஷார்கோ கண்ட குறை அதிலும் இருக்கிறது, ஆனாலும் அவர் கை நடுங்குகிறது, அவருக்குப் பொருந்துகிறது. பார்க்கின்சன் யார் என்ற கதையையும் சொல். தெருவில் போகும் ஏழையை நின்று பார்த்த வைத்தியர் என்று தெரிந்தால், அந்தப் பெயர் தன்மேல் இருப்பது அவருக்கு அவ்வளவு அந்நியமாக இராது என்று நம்புகிறேன்.

கதையைச் சொன்ன பிறகு அவரிடம் ஒரு கேள்வி கேள். தோட்டத்தில் என்ன வேலை செய்தார்? பால் வெட்டு மட்டும்தானா, மருந்தடிக்கவும் போனாரா?

என் அம்மா போனார். முதுகில் தொட்டி, முகத்தில் ஒரு துண்டு, வெறும் கை. புல்லைக் கருக்கும் அந்தப் பாராகுவாட் மருந்துக்கும் நடுக்குவாதத்துக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் சுட்டியிருக்கின்றன. ஒரு தனி ஆளின் நோய் அதனால்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது; வயதும் பரம்பரையும் சேர்ந்த நோய் இது. மலேசியா 2002-இல் பாராகுவாட்டைத் தடுத்து, 2006-இல் மறுபடி அனுமதித்து, 2020-இலிருந்து முழுவதுமாகத் தடை செய்தது.

உன் பாடநூலில் முதுகெலும்புக் காசநோய்க்குப் பாட் நோய் என்று பெயர் இருக்கும். அந்தப் பெர்சிவல் பாட் 1775-இல் இன்னொன்றையும் எழுதினார். லண்டனில் புகைபோக்கிக்குள் ஏறித் துடைக்கும் வேலைக்குச் சிறு பையன்களை விடுவார்கள். அவர்கள் வளர்ந்த பின் விரைப்பையில் புற்றுநோய் வந்தது. மற்ற மருத்துவர்கள் அதை மேகநோய் என்று எண்ணினார்கள். பாட் அவர்கள் செய்த வேலையைப் பார்த்து, தோல் மடிப்பில் தங்கிய புகைக்கரியே காரணம் என்றார்.

எனவே பாட்டி சொல்வதை நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, வாரத்தில் எத்தனை நாள், கையுறை கொடுத்தார்களா. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுத்து, பாட்டியின் கோப்பில் சேர்க்கச் சொல். ஒரு பிரதியை நீயும் வைத்துக்கொள்.

அன்புடன்.