ஷோரூமில் 13,900, ஆன்லைனில் 7,200: ஒரே காருக்கு ஏன் இரண்டு விலை?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். என்னுடைய ஸ்விஃப்ட் (பெட்ரோல், 1197 சிசி) வாங்கி நாலு வருடம் ஆகப்போகிறது, இதுவரை ஒரு கிளெய்ம் கூட வாங்கியதில்லை. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க ஷோரூமில் 13,900 கேட்கிறார்கள், ஆன்லைனில் 7,200 காட்டுகிறது. பேசாமல் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுவிடலாமா? போன வாரம் பின் பம்பர் தூணில் இடித்துவிட்டது, பாலிசி முடிவதற்குள் அதற்கு கிளெய்ம் போடலாமா?

பதில்: இரண்டு கொட்டேஷனையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. மொத்தத் தொகையை விட்டுவிட்டு முதலில் ஐடிவி என்ற வரியைப் பாருங்கள், அதுதான் உங்கள் காருக்கு கம்பெனி போடும் மதிப்பு. ஷோரூம் காகிதத்தில் 4,20,000, ஆன்லைனில் 3,10,000. கார் திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி டோட்டல் லாஸ் ஆனாலோ உங்கள் கைக்கு வருவது இந்தத் தொகையை ஒட்டித்தான். ஆக, பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு, காரின் மதிப்பில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைக் குறைத்துக்கொண்டதால் வந்தது. அப்புறம், ஆன்லைனில் ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டின் டிக்கை எடுத்துவிட்டிருக்கிறார்கள். வேறு இடத்தில் அந்த அளவுக்கு விபத்துக் காப்பீடு உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் சரி, இல்லையென்றால் அது கட்டாயம்.

ஷோரூம்காரர் மட்டும் சளைத்தவரா? சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று நீங்கள் கேட்காததையெல்லாம் சேர்த்திருக்கிறார். தேர்டு பார்ட்டி தொகை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான், 3,416 ரூபாய். அது 1000 முதல் 1500 சிசி வரையான கார்களுக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தது, அதில் யாரும் தள்ளுபடி தர முடியாது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் பாலிசியே போலியாக இருக்கலாம்.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா என்றால், உங்களுக்குப் போதாது. அது நீங்கள் இடித்தவருக்குக் கொடுக்கும், உங்கள் காருக்கு ஒரு பைசா தராது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி எப்படிக் கிடந்தது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்து சீட், கார்பெட், வயரிங் போனால் சாதாரண ஃபுல் இன்ஷூரன்ஸிலேயே கிடைக்கும். ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள் காலை "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புகிறோமே, அப்போது சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுக்காதவருக்கு, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதை எழுதித் தர மாட்டார். கிளெய்ம் வேலையில் நான் அதிகம் பார்த்த சண்டை இதுதான். உங்கள் ஏரியாவுக்கு நான் முதலில் சேர்க்கச் சொல்வது அந்த ஆட்-ஆன். கையில் இன்னும் காசிருந்தால் பம்பர் டு பம்பர், அதாவது பாகங்கள் பழசானதற்காகத் தொகையை வெட்டாத ஜீரோ டெப்.

இனி பம்பர். பில் 7,000 என்று வைத்துக்கொள்வோம்: பம்பர் 3,000, பெயின்டிங் 3,000, லேபர் 1,000. ஜீரோ டெப் இல்லாததால் பிளாஸ்டிக்குக்குப் பாதி போய் 1,500 வரும். பெயின்டிங்கில் கால் பங்கை பெயின்ட் விலையாகக் கணக்கிட்டு அதில் பாதியை வெட்டுவார்கள், மீதி 2,625. லேபர் முழுசாக 1,000. மொத்தம் 5,125-இல் கட்டாயப் பிடித்தம் 1,000 கழிந்தால் உங்களுக்கு 4,125.

இதற்காக எதை இழக்கிறீர்கள் தெரியுமா? நாலு வருடம் கிளெய்ம் இல்லாததால் இந்த முறை 45 சதவீதம் என்சிபி, அதாவது கிளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி, அடுத்த வருடம் 50. இப்போது கிளெய்ம் போட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி 20, 25, 35 என்று ஏற வேண்டும். இந்தத் தள்ளுபடி கிடைக்கும் ஓன் டேமேஜ் (உங்கள் காரின் சேதத்துக்கான) பிரீமியம் 6,000 என்று வைத்தால் ஐந்து வருடத்தில் 7,200 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். ஐடிவி குறையக் குறைய இது கொஞ்சம் இறங்கும், ஆனாலும் 4,125-க்கு இது கட்டுப்படியாகாது. கைக்காசு போட்டு டிங்கரிங் கடையில் பார்த்துவிடுங்கள். கிளெய்ம் வாங்கிவிட்டு, வேறு கம்பெனிக்கு மாறும்போது வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அடுத்த பெரிய கிளெய்மில் அங்கேதான் மாட்டுவீர்கள்.

ஆன்லைன் தளத்துக்கே திரும்பிப் போங்கள். ஐடிவியை 4,20,000-க்கு ஏற்றி, இன்ஜின் புரொடெக்டைச் சேர்த்து, விபத்துக் காப்பீட்டையும் டிக் செய்து வரும் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு கம்பெனிகளில் அதே மாதிரி போட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கேஷ்லெஸ் கராஜ் எது என்பதையும் சேர்த்து. அந்தக் காகிதத்தை ஷோரூமில் காட்டினால் பெரும்பாலும் அவர்களே இறங்கி வருவார்கள். எல்லாவற்றையும் பாலிசி முடியும் தேதிக்கு முன்னால் செய்யுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் காரை இன்ஸ்பெக்ஷன் பார்க்க வருவார்கள், இடித்த பம்பரோடு. 90 நாள் தாண்டினால் அந்த 45 சதவீதமும் போய்விடும்.