போட்டோவில் இல்லாத சிவப்பு – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

வாட்டர்கலரில் பூக்கள் வரைந்து பழகி வருகிறேன். இதுவரை எனக்காகவும் தோழிகளுக்காகவும்தான் வரைந்தேன். இப்போது முதல்முறையாக ஒருவர் பணம் கொடுத்துப் படம் கேட்டிருக்கிறார். பெற்றோரின் திருமண நாளுக்குப் பரிசாம். போன வருடம் அதே நாளில் மேஜைமேல் இருந்த பூங்கொத்தை அவரே போனில் படம் எடுத்திருக்கிறார். சிவப்பு ரோஜாக்கள், நடுவில் இரண்டு வெள்ளை லில்லி. ஃபிளாஷ் போட்டு எடுத்ததால் பின்னணி முழுக்கக் கறுப்பு. "அப்படியே இதே மாதிரி வேண்டும்" என்கிறார். அப்படியே வரைந்து பார்த்தேன். ரோஜாக்கள் சிவப்புத் திட்டுகளாகவும், லில்லி கத்தரித்து ஒட்டியது போலவும் வந்திருக்கின்றன. அவர் சொன்னபடி செய்வதா, என் இஷ்டத்துக்கு மாற்றுவதா? போட்டோவைப் பார்த்து வரைவதெல்லாம் ஓவியமா என்று ஒரு நண்பர் கேட்டதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உறுத்தலை முதலில் விட்டுத்தள்ளுங்கள். அந்தப் பூங்கொத்து போன வருடமே வாடிப்போயிற்று. போட்டோவை விட்டால் அதைப் பார்க்க வேறு வழி கிடையாது. அதைப் பார்த்து வரைவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை மட்டுமே பார்த்து வரைந்தால் போதாது. உங்களுக்கு நேர்ந்த சிக்கல் அதுதான்.

ரோஜா திட்டாக வந்ததற்கு உங்கள் கை காரணமில்லை. கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. அடர்சிவப்பு இதழில் பளீரென்று வெளிச்சம் விழுந்தால் சிவப்பின் அளவு உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அதற்குமேல் இருந்த ஏற்ற இறக்கம், மடிப்பு எல்லாம் பதிவாவதில்லை. எதிரே அடிக்கும் ஃபிளாஷ் நிழல்களையும் துடைத்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் சுருக்கத்தில் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். மூலப்படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் நிறத்தின் மயக்கம் விலகி, எங்கே இருட்டு எங்கே வெளிச்சம் என்பதாவது தெரியும்.

அப்புறம், அதே சிவப்பில் ஒரு ரோஜாவும் ஒரு வெள்ளை லில்லியும் வாங்கி ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள். எந்தப் பூ எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எத்தனை மொட்டு, இதையெல்லாம் போட்டோவிலிருந்து எடுங்கள். இதழ் எப்படி மடிகிறது, நிழல் என்ன நிறம், இதற்கு உயிருள்ள பூவிடம் போங்கள். வெள்ளை லில்லியை ரோஜாவுக்குப் பக்கத்தில் நகர்த்தினால், வெள்ளை இதழின் நிழலில் மெல்லிய ரோஸ் ஏறுவதைப் பார்க்கலாம். ஃபிளாஷ் படத்தில் அது சுத்தமாக இல்லை. அதைக் கொண்டுவந்தால் ஒட்டவைத்த தோற்றம் தானே போய்விடும். லில்லியின் வெள்ளை தாளின் வெள்ளைதான், பெயிண்டால் அதைக் கொண்டுவரப் பார்க்காதீர்கள்.

ரோஜாவை இதழ் இதழாகப் போடுங்கள். ஓர் இதழை மட்டும் சுத்தமான தண்ணீரால் நனையுங்கள். தாள் மினுங்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பக்கத்து இதழுக்கு அடியில் போகும் இடத்தில் அடர்ந்த நிறத்தை பிரஷ் நுனியால் தொட்டுவிட்டு, தாளைச் சற்றுச் சாய்த்து, அது விளிம்பை நோக்கித் தானே ஓட விடுங்கள். விளிம்பு வெளிறி நிற்கட்டும். காய்ந்தால் நிறம் இறங்கும், அதனால் மனம் சொல்வதைவிட ஒரு படி அடர்த்தியாகவே போடுங்கள். மினுமினுப்பு அடங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அப்போது ஈர பிரஷ்ஷால் தொட்டால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டுபோய் காலிஃப்ளவர் மாதிரிக் கறை உண்டாக்கும். ஒட்டியிருக்கும் இதழை அது முழுதாகக் காய்ந்த பிறகே தொடுங்கள், அதுவரை தள்ளியிருக்கும் இதழுக்குப் போகலாம். ஆழமான இடங்களுக்குக் கறுப்பு வேண்டாம். அதே சிவப்பில் துளி பச்சை கலந்தாலே போதும், இருட்டாகவும் இருக்கும், சிவப்பாகவும் இருக்கும்.

இப்போது "அப்படியே" என்ற பேச்சுக்கு வருவோம். படம் எடுத்தவருக்குக் கறுப்புப் பின்னணியும் ஃபிளாஷ் பளபளப்பும் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. அது அந்த நாளின் பூங்கொத்துதான் என்று அம்மா அப்பாவுக்குப் பார்த்தவுடன் தெரிய வேண்டும், அதைத்தான் கேட்கிறார். ஆகவே பூக்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் ஜாடியையும் மாற்றாதீர்கள். பின்னணியைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். கறுப்பு இல்லாவிட்டால் லில்லியின் விளிம்பு வெள்ளைத் தாளில் கரைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், அதன் பின்னால் நல்ல அடர்பச்சை இலைகளை வையுங்கள். உள்ளங்கை அளவில் ஒரு வண்ண மாதிரி போட்டு அனுப்பி, அவர் சரி என்ற பிறகு பெரிய தாளில் தொடங்குங்கள். முன்பணம் வாங்குவதும் அப்போதுதான் நல்லது.

காசு வாங்கி வரைகிறவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். 1890-இல் வான் கோ வரைந்த ரோஜாக்கள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கின்றன. வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு. அவர் பயன்படுத்திய சிவப்பு, வெளிச்சம் தாங்காத சிவப்பு. அது எண்ணெய் ஓவியம். வாட்டர்கலரில் நிறம் மெல்லிய படலமாக நிற்பதால் ஆபத்து இன்னும் அதிகம். டியூபின் பக்கவாட்டில் நிறமியின், அதாவது நிறம் தரும் பொடியின், எண் இருக்கும், பெயரைவிட அதை நம்புங்கள். பிஆர் 83 (PR83) என்றிருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிறிவிடும். ஓபரா பிங்க் கண்ணைப் பறிக்கும், அதுவும் நிற்காது. ரோஸ் நிறத்துக்கு பிவி 19 (PV19) என்ற குவினாக்ரிடோன் நிறமி பாதுகாப்பானது. தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), முழுக்கப் பருத்தியில் செய்ததாக இருக்கட்டும். இத்தனை ஈரத்தை மெல்லிய தாள் தாங்காது, நெளிந்துவிடும்.

கொடுப்பதற்கு முன் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் எனும் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள், நேர்வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்பதையும் சேர்த்து. முடிந்ததும் படத்தை எனக்கும் அனுப்புங்கள், அந்த லில்லியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்