சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்: எந்த நிகழ்ச்சி, எங்கே நகைமுரண்?

அரசர் கட்டளையால் கடலுக்குப் போய் மூழ்கிய மாலுமி சர் பேட்ரிக் ஸ்பென்ஸைப் பற்றிய இந்த ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் 1281-இல் நடந்ததைச் சொல்கிறதா, 1290-இல் நடந்ததையா என்று செமினாருக்காகக் கேட்டிருந்தீர்கள். நகைமுரணும் பிடிபடவில்லை என்றீர்கள்.

என் கட்சி 1281தான். ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் அலெக்சாண்டரின் மகள் மார்கரெட்டை நார்வே அரசருக்கு மணமுடித்துக் கொண்டுபோய் விட்டவர்களில் பலர், திரும்பும் வழியில் மூழ்கினார்கள். 1290-இல் அவள் மகள் ஸ்காட்லாந்துக்கு வரும் வழியில் ஆர்க்னியில் இறந்தாள். அது கப்பல் விபத்தே இல்லை. ஆனால் அடித்துச் சொல்லாதீர்கள். பழம்பாடல்களைத் தொகுத்த தாமஸ் பெர்சி 1765-இல் அச்சிட்ட குறுகிய வடிவத்தில் நார்வே என்ற பேச்சே கிடையாது.

நகைமுரணுக்கு அந்தக் குறுகிய வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரபுக்களுக்குத் தக்கைக் குதி வைத்த காலணி நனைந்துவிடுமே என்று கவலை. அடுத்த மூச்சில் அவர்களுடைய தொப்பிகள் தண்ணீரில் மிதக்கின்றன! கப்பல் மூழ்கும் காட்சி எங்குமே இல்லை, கவனித்தீர்களா? எனக்கு அதுதான் அபாரம். கடைசியில் ஐம்பது பாகம் (ஏறக்குறைய 300 அடி) ஆழத்தில் ஸ்பென்ஸ் கிடக்கிறார், பிரபுக்கள் அவர் காலடியில். பருவம் தப்பிக் கடலுக்கு அனுப்பிய அரசரோ முதல் இரு வரிகளில் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் நகரில் உட்கார்ந்து ஒயின் குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒயினின் நிறம் என்ன என்று பாருங்கள், கட்டுரைக்கு உதவும்.