மேன்ஷன் ரூமை விட்டு கீழ இறங்குங்க தம்பி

கேள்வி: திருவல்லிக்கேணி மேன்ஷன்ல தங்கி வேலைக்குப் போறேன். கூட வேலை பாக்குறவங்க லீவு கிடைச்சா ஈசிஆர் ரிசார்ட், மால்னு கிளம்பிடறாங்க. என் சம்பளம் வாடகைக்கும் வீட்டுக்கு அனுப்பறதுக்குமே சரியா போயிடுது. ஞாயித்துக்கிழமை பூரா போனும் கையுமா படுத்துக் கிடக்கேன். காசில்லாதவனுக்கு சென்னையில என்ன சார் சந்தோஷம்?
- வாசகர், சென்னை-5

பதில்: தம்பி, காசு கஷ்டம் நிஜம், அதை நான் இல்லைனு சொல்லல. ஒரே ரூம்ல மூணு கட்டில், மே மாசத்துல ஃபேன் காத்தே அனலா அடிக்கும். ஆனா மத்தவங்க பஸ் ஏறி வந்து பாக்குற பேட்டையில குடியிருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமையைத் தூக்கி போனுக்குக் குடுக்கறீங்களே, அதுலதான் எனக்குக் கோவம்.

பாரதி சாலை பிளாட்பாரத்துல பழைய புக் பரப்பி வெச்சிருப்பாங்க, குத்துக்காலிட்டு உக்காந்து பொரட்ட ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுல பாரதியார் கடைசியா வாழ்ந்த வீடு, 1921ல அவர் உயிர் போனதும் அங்கதான், உள்ள கால் வெச்சிருக்கீங்களா? பார்த்தசாரதி கோயில் மூலவருக்கு முறுக்கு மீசை, அதைப் பாத்தாச்சா? ரம்ஜான் மாசம் வாலாஜா பெரிய மசூதியில நோன்பு திறக்க வர்றவங்களுக்கு, மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையிலேருந்து சிந்தி இந்துக்கள் சாப்பாடு செஞ்சு கொண்டுவந்து அவங்க கையாலயே பரிமாறறாங்க, பல வருஷமா நடக்குது, உங்க பக்கத்துத் தெருவுல.

இதெல்லாம் விடுங்க, கடல்காத்து ஒண்ணு போதும். கோடையில மதியம் தரை கொதிச்சு சூடான காத்து மேல கிளம்ப, அந்த எடத்துக்கு கடல்லேருந்து குளிர்ந்த காத்து உள்ள வருது, மேற்குக் காத்து பலமா இருந்தா அன்னிக்கு லேட்டாகும், ஆனா வந்தா மொதல்ல தொடறது உங்க மொட்டை மாடியைத்தான், கடலை விட்டுத் தள்ளி இருக்கற ஆவடிக்காரங்க அதுக்கப்புறமும் வேர்த்துக்கிட்டு காத்திருக்கணும். அந்த நேரத்துல ஜன்னலைச் சாத்திட்டு அடுத்தவன் ரிசார்ட் போட்டோவுக்கு லைக் போடலாமா?

ஒரு தடவை சுத்திட்டு வந்து ஒண்ணும் இல்லைனு எழுதாதீங்க, பழக்கம் ஆகணும். ஒரே டீக்கடைக்கு ஒரே நேரத்துக்குப் போய்ட்டிருங்க, நீங்க வாயைத் திறக்கறதுக்குள்ள சக்கரை கம்மியா ஒரு டீன்னு மாஸ்டரே குரல் குடுப்பாரு, ரெண்டு நாள் காணோம்னா எங்க தம்பினு கேப்பாரு, வெளியூர்லேருந்து வந்து தனியா இருக்கற பையனுக்கு அப்படி ஒருத்தர் கேக்கறது சின்ன விஷயம் இல்ல. இந்த வாரமே இறங்குங்க, சுண்டல் காசு மட்டும் பாக்கெட்ல இருக்கட்டும். அதுக்கப்புறமும் மனசு சரியில்லைனா திரும்ப எழுதுங்க, பேசுவோம்.